வெடிப்பு விட்ட வயல்

எங்கள் வயல் வெடித்துக் கிடந்தது அம்மாவின் விருப்பப்படி. இதைச் சொன்னால் இன்றும் சிலர் நம்புவதில்லை. நான் ஆறாம் வகுப்புப் படித்த ஆண்டு, பாபநாசத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊரில், மோட்டார் வைத்துக் குறுவை நட்டவர்களின் வயல்களில் எல்லாம் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. எங்கள் வயலில் மட்டும் வாரத்தில் பாதி நாள் மண் வெளுத்து, பயிர்களுக்கு நடுவே மயிரிழை போலக் கீறல்கள் ஓடிக் கிடக்கும். சாலையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு பார்ப்பார்கள். யாருக்கோ உடம்பு சரியில்லாத வீட்டைப் பார்ப்பது போல இருக்கும் அந்தப் பார்வை.

அந்த நிலம் மூன்று மா. ஒரு ஏக்கர் என்று பத்திரத்தில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னால் யாருக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இருந்ததில்லை. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் எல்லோரும் பிறர் வயலில் கூலிக்கு வேலை செய்தவர்கள். அம்மா பன்னிரண்டு வயதில் நடவுக்குப் போக ஆரம்பித்து, கல்யாணத்துக்குப் பிறகும் நட்டவள். அப்பா கொத்தனாராகித் திருப்பூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்ச் சம்பாதித்து அந்த மூன்று மாவை வாங்கினார். வாங்கியவர் அவர். பயிர் செய்தவள் அம்மா. அவர் மாதம் ஒரு முறை வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

தண்ணீர்தான் தகராறு. ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஆண்டுகள் அவை. ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு போர் போட்டிருந்தார்கள். வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர். மீதி இரண்டு நாள் மோட்டாருக்கு ஓய்வு. வயல்கள் வரிசையாக இருந்தன. எங்களுடையது நான்காவது, முறை வியாழக்கிழமை. ஐந்தாவது, வரிசையின் கடைசி, சுகந்தி வீட்டு வயல். சுகந்தி என் வகுப்பு, ஒரே பெஞ்சு. அவளுடைய அம்மாவை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன், உறவு ஒன்றும் இல்லை. அவருக்குக் கணவர் இல்லை. வெள்ளிக்கிழமை அவருடைய முறை வரும்போது போரில் தண்ணீர் அடியில் போய்விட்டிருக்கும். மோட்டார் காற்றையும் தண்ணீரையும் மாற்றி மாற்றித் துப்பும். ஆண்டுக்கு ஒரு முறை எல்லோருமாகச் சேர்ந்து இன்னும் இரண்டு குழாயை உள்ளே இறக்கினார்கள். தண்ணீரும் அதற்கேற்றபடி இன்னும் கீழே போனது.

அந்த வைகாசியில் பாபநாசத்தில் விவசாயிகளுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. அம்மா போய்விட்டு வந்தாள். மறுநாளே மாமாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். மாமா அம்மாவின் தம்பி, ஐ.டி.ஐ. படித்துவிட்டு மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். மாதா கோவிலுக்குப் பக்கத்தில் பாதர் வீட்டுக்குக் கட்டட வேலை நடந்தபோது மிஞ்சிய கழிவுநீர்க் குழாயில் ஒரு முழத்துக்கும் குறைவான துண்டு ஒன்றை அவர் கேட்டு வாங்கி வந்தார். குழாயின் கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளை போட்டார். அதை வயலில் இறக்கி, மேல்பக்கம் ஒரு சாண் தெரியும்படி புதைத்து, உள்ளே இருந்த மண்ணைக் கையால் அள்ளி வெளியே போட்டார். மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் துளை வழியாகக் குழாய்க்குள் வந்து நிற்கும். வெளியே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே எட்டிப் பார்த்தால் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

"வேர் கீழ போயி தண்ணிய எடுத்துக்கும். மேல நிக்கிற தண்ணி பாதி வெயிலுக்குத்தான்" என்றார் மாமா. "குச்சியில ஒரு கோடு போட்டுத் தர்றேன், அதுக்குக் கீழ இறங்குனா மட்டும் பாய்ச்சு அக்கா. கதிர் வர்ற நேரத்துல மட்டும் காய விட்டுடாத."

ஒரு மூங்கில் குச்சியில் அம்மாவின் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் வயலுக்கு இன்னும் தேவையில்லை. கோட்டுக்குக் கீழே போய்விட்டால் பாய்ச்ச வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அம்மா இதை வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. மோட்டார் கொட்டகையில் ஐந்து வீட்டாரும் கூடியபோது எழுந்து நின்று சொன்னாள்: "வியாழக்கிழமை எங்க வயலுக்குத் தேவைப்பட்டா எடுத்துக்குவேன். தேவைப்படலன்னா அன்னிக்குத் தண்ணி கீழ அக்கா வயலுக்குப் போகட்டும்." கூலிக்கு நட்டவள் கூட்டத்தில் எழுந்து நின்றதே சிலருக்குப் புதிது. அதுவும் எழுந்து நின்று தண்ணீர் வேண்டாம் என்று சொன்னவள் அந்தக் கொட்டகையில் அவள் ஒருத்திதான். முதல் வயல்காரர் சிரித்துவிட்டு, "குழாய்ல எட்டிப் பாத்து வெவசாயமா? பாரு, பாரு" என்றார். அம்மா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டது போலத் தலையசைத்தாள்.

அப்பா அந்த மாதம் வந்தபோது வரப்பில் வெகு நேரம் நின்றார். "ஊரு ஒரு மாதிரி பேசுது" என்றார்.

"பேசட்டும். பயிரு பேசலல்ல" என்றாள் அம்மா.

அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. அம்மாவிடம் அவர் எதையும் இரண்டாம் முறை கேட்டு நான் பார்த்ததில்லை.

குச்சி வைத்துப் பார்ப்பது என் வேலை. காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் வரப்போடு போய்க் குழாய்க்குள் குச்சியை விட்டு, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து அம்மாவிடம் சொல்ல வேண்டும். அம்மா அந்த நேரத்தில் மாட்டுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பாள். நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வாள். முதல் மூன்று வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் உண்டா இல்லையா என்று முடிவு செய்கிறவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வியாழக்கிழமை எடுத்தோம், அடுத்தது விட்டோம், அதற்கடுத்ததும் விட்டோம். விட்ட நாள்களில் சுகந்தி வீட்டு வயலில் தண்ணீர் வரப்பு வரை ஏறி நின்றது. பெரியம்மா ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை கத்தரிக்காய் கொடுத்தனுப்பினார்.

பிறகு பள்ளியில் ஆரம்பித்தது. எங்கள் வயல் பள்ளிக்குப் போகும் சாலை ஓரத்தில் இருந்தது பெரிய கெடுதல். "உங்க வயல்ல கோலி உருட்டலாமாடி?" என்று ஒருவன் கேட்டான். மறுநாள் அதையே நாலு பேர் கேட்டார்கள். தண்ணீருக்குப் பணம் கட்டவில்லையா என்று ஒருத்தி விசாரித்தாள். சுகந்தி மட்டும் எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் காதருகே, "எங்கம்மா ராத்திரி ஜெபத்துல உங்க வயலுக்கும் சேர்த்து வேண்டிக்கிறாங்க" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு மற்றவர்கள் சொன்னதைவிட அதுதான் சுட்டது. நாங்கள் விட்ட தண்ணீரில் தளதளவென்று வளர்ந்த பயிருக்குச் சொந்தக்காரர்கள் எங்களுக்காகப் பரிதாபப்படுகிறார்களே என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

ஆகஸ்டில் எங்கள் மாதா கோவில் தேர். அதற்குத் திருவையாற்றுப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை குடும்பத்தோடு வருவார். அப்பாவின் அக்கா. அவர் புகுந்த வீட்டுக்குச் சொந்த வயல் இருந்தது, ஆறு பக்கத்திலேயே ஓடியது. போர் நன்றாக ஊறியது. முந்தைய ஆண்டு அத்தை எங்கள் வயலைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, பழக்கமில்லாதவங்க செஞ்ச வெள்ளாமைக்கு நல்லாத்தான் இருக்கு" என்றிருந்தார். அம்மா அதைக் கேட்டுச் சிரித்தாள். ஆனால் அதன் பிறகு அத்தை இருந்த இரண்டு நாளும் வயல் பேச்சே எடுக்கவில்லை.

தேர் சனிக்கிழமை. அத்தை அன்று மதியம் வந்துவிடுவார். பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் வயலைக் கடந்துதான் வீட்டுக்கு வர வேண்டும்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை நான் வரப்போடு போனேன். மண்ணில் லேசாகக் கீறல் தெரிந்தது. குச்சியைக் குழாய்க்குள் விட்டேன். ஈரம் சிவப்புக் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் ஏறியிருந்தது. அடுத்த முறை வரைக்கும் தாங்கும். நான் குச்சியைப் பாவாடையில் துடைத்தேன். சாலையில் இரண்டு பேர் சைக்கிளில் போனார்கள். ஒருவர் வயலைப் பார்த்து ஏதோ சொல்ல, மற்றவர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும், "கோட்டுக்குக் கீழ போயிடுச்சும்மா" என்றேன்.

அம்மா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"சரி" என்று கையைக் கழுவிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். நானும் பின்னாலேயே போனேன். தண்ணீர் பாய்வதைப் பார்க்க வேண்டும் எனக்கு. அம்மா வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கினாள். இரண்டு எட்டு வைத்து, ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு மடையைத் திறந்தாள்.

சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து ஓடி வந்து பார்த்தபோது வயல் முழுவதும் தண்ணீர். கீறல்கள் எங்கே இருந்தன என்று சொல்ல முடியாது. பயிர் நுனிகளுக்கு நடுவே வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு கொக்குகூட வந்து நின்றது. கோலி உருட்டக் கேட்டவனை அந்தப் பக்கமாகவே வீட்டுக்கு நடக்க வைத்தேன். அவன் வயலைப் பார்த்துவிட்டு ஒரு கல்லை உதைத்துக்கொண்டே போனான். அதைவிட நல்ல நாள் எனக்கு அந்த ஆண்டில் வரவில்லை.

மறுநாள் காலை பெரியம்மாவின் முறை தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது; டிரான்ஸ்பார்மர் பெரிய சத்தத்தோடு போய்விட்டது. மாமா போய்ப் பார்த்துவிட்டு, உள்ளே கம்பிச் சுருள் எரிந்துவிட்டது, வேறு டிரான்ஸ்பார்மர் கொண்டு வந்து மாட்ட வேண்டும் என்றார். சேர்ந்தாற்போல் விடுமுறைகள் வந்தன. செவ்வாய்க்கு முன்னால் ஒன்றும் நடக்காது என்று மின்வாரியத்தில் சொல்லிவிட்டார்கள்.

மற்ற மூன்று வயலுக்கும் அந்த வாரம் தண்ணீர் பாய்ந்திருந்தது. எங்களுக்கும் பாய்ந்திருந்தது. பெரியம்மாவின் வயலில்தான் ஒரு வாரமாகப் புதுத் தண்ணீர் இல்லை. அவர் எங்களுக்குப் பதினைந்து நாள் முன்னால் நட்டவர். அவர் பயிரில் கதிர் வெளியே வந்து பூத்துக்கொண்டிருந்தது. மாமா காய விடக் கூடாது என்று சொன்ன அதே நேரம். அந்த வெயிலில் ஐந்து நாள் காய்ந்தால் பூவெல்லாம் பதராகிவிடும்.

அன்று சாயங்காலம் பெரியம்மா வந்தார். வாசலிலேயே நின்றார். சண்டைக்கு வரவில்லை. "நேத்து உன் மொறை எனக்கு வரும்னு நெனச்சிருந்தேன்மா. உனக்குத் தேவைன்னா நீ எடுத்துக்கத்தான வேணும், அதுல ஒண்ணும் இல்ல. ஆயில் இன்ஜின் யார்கிட்டயாவது இருக்கான்னு உன் தம்பிகிட்ட கேட்டுச் சொல்லு" என்றார். மாமா மூன்று ஊரில் விசாரித்தார். இருந்த இன்ஜின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் போரின் ஆழத்துக்கு அவற்றால் இழுக்கவும் முடியாது என்றார்.

பெரியம்மா போனதும் அம்மா அரிசி களைய உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதவில்லை, பென்சிலை வைத்திருந்தேன்.

"நேத்து கோட்டுக்குக் கீழ போனத நீ பாத்தியா?" என்று கேட்டாள்.

நான் பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன்.

"சொல்லு."

"போகல" என்றேன். "மேலதான் இருந்துச்சு. அத்தை வருவாங்கன்னுதான்..." அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை. அம்மா அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். தண்ணீரை வடித்துவிட்டு இன்னொரு முறை ஊற்றினாள். அவள் முகம் சிவந்திருந்தது. என் மேல் இருந்த கோபம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாக அழுதேன்.

"போதும், மூஞ்சியக் கழுவிட்டு வந்து எழுது" என்றாள்.

சனிக்கிழமை விடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனாள். அவர் வெளியே வந்ததும் நிற்க வைத்தே சொன்னாள்: "அக்கா, வியாழக்கிழமை எங்க வயலுக்குத் தண்ணி தேவைப்படல. ஆனாலும் எடுத்துக்கிட்டோம். தப்பு எங்க வீட்டுது. வரப்ப வெட்டி விடுறேன், உங்க பக்கம் எங்கெங்க இறக்கணும்னு வந்து காட்டுங்க."

பெரியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "வேணாம்மா, ஒன் பயிரு" என்றார். சுகந்தி அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

எங்கள் வயலுக்கும் அவர்கள் வயலுக்கும் நடுவே ஒரே ஒரு வரப்பு. அவர்கள் பக்கம் ஒரு சாண் தாழ்வு. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியை இறக்கினாள். மூன்றாவது வெட்டில் தண்ணீர் வாய் திறந்துகொண்டது. முதலில் கலங்கலாக ஒரு கயிறு மாதிரி வந்தது. பிறகு வரப்பின் ஓரத்து மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அகலமாக இறங்கியது. பெரியம்மா தன் பயிருக்குள் நின்று காலால் வழி செய்து கொடுத்தார். ஆட்கள் கூடினார்கள். முதல் வயல்காரரும் வந்தார். தண்ணீருக்காக வரப்பை வெட்டிச் சண்டை வந்த ஊர் அது. தன் வயலில் நிற்கும் தண்ணீரை வெளியே விடுவதற்காக ஒருத்தி வெட்டுவதை அவர்கள் பார்த்ததில்லை. யாரும் சிரிக்கவில்லை. முதல் வயல்காரர் மட்டும், "முழுசும் விட்டுடுவியா?" என்று கேட்டார்.

"மேல நிக்கிறத விடுறேன். உள்ள இருக்கிறது எங்க பயிருக்குப் போதும்" என்றாள் அம்மா.

அப்போதுதான் அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். தேருக்காக எடுத்த புதுச் சட்டை, கையில் பை. கூட்டத்தைப் பார்த்துப் பதறிக்கொண்டு வந்தவர், வரப்பில் வெட்டியிருந்த வாயைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா நாலு வார்த்தையில் சொன்னாள். அதில் என் பேர் வரவில்லை. அப்பா பையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார். மண்வெட்டியை வாங்கிக்கொண்டு பத்தடி தள்ளி இன்னொரு வாய் வெட்டினார். கொத்தனார் வெட்டு, ஓரம் நேராக இருந்தது.

மதியம் அத்தை வந்தபோது எங்கள் வயலில் சேறுதான் இருந்தது. பெரியம்மாவின் வயலில் தண்ணீர் இன்னும் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. அத்தை விஷயத்தைக் கேட்டுவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டார்.

"எந்த ஊர்லம்மா இப்படிச் செய்வாங்க? இருக்கிற தண்ணிய வெட்டி விட்டுட்டு வெறும் மண்ணக் காட்டிக்கிட்டு நிக்கிற?"

"தண்ணி வேண்டியது பயிருக்குத்தான் அண்ணி, பாக்கிறவங்களுக்கு இல்ல" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு அத்தையின் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அந்த முறை அத்தை இருந்த இரண்டு நாளும் வயலைப் பற்றி நிறையப் பேச்சு நடந்தது. பேசியது அம்மா. திரும்பிப் போகும்போது அத்தை மாமாவிடம் குழாயின் நீளம் என்ன, துளை எத்தனை என்று விசாரித்துக்கொண்டு போனார்.

டிரான்ஸ்பார்மர் வர வியாழக்கிழமை ஆகிவிட்டது. பெரியம்மாவின் வயலில் வடக்கு மூலையில், மேடாக இருந்த ஒரு துண்டில் மட்டும் நெல் பதராகிப் போனது. மற்றது பிழைத்தது. எங்கள் பயிர் அந்த ஒரு வாரம் எதுவும் நடக்காதது போல நின்றது. கதிர் வந்தபோது அம்மா வயலில் தண்ணீரைக் கட்டி வைத்தாள். அதன் பிறகு மறுபடியும் பழையபடி காய விட்டாள். அறுத்தபோது மற்ற வயல்களைவிட ஒரு மூட்டைகூடக் குறையவில்லை. மறு வருடம் ஐந்து வயலிலும் குழாய் நின்றது. போரில் அந்த ஆண்டு புதிதாகக் குழாய் இறக்கவில்லை. முதல் வயல்காரர் தன் குழாய்க்கு மூடியும் போட்டு வைத்தார், தவளை விழாமல் இருக்க.

தேர் முடிந்த மறுநாளே அம்மா எப்போதும் போல, "போய்ப் பாத்துட்டு வா" என்றாள். நான் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெரியம்மாவிடம் என்னைக் காட்டிக் கொடுக்காததையும், அதற்குப் பிறகும் என்னை நம்பியதையும் நினைத்து, என் அம்மாவைப் போல மன்னிக்கிறவள் வேறு யாரும் இல்லை என்று பல வருடங்கள் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த மூன்று மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன குறுவையில் ஒரு நாள் மடை திறக்க வயலுக்குள் இறங்கினேன். மேலே மண் வெளுத்திருந்தது. ஆனால் முதல் எட்டிலேயே குதிகால் மெத்தென்று உள்ளே போனது. விரல்களுக்கு நடுவே குளிர்ந்த சேறு ஏறியது. தண்ணீர் தேவையில்லை என்று தெரிந்துவிட்டது. எதையும் அளந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. திரும்பி வரப்பில் ஏறியவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பத்துப் பதினைந்து வருடம் பயிர் செய்த என் காலுக்கே இது தெரிகிறது. பன்னிரண்டு வயதிலிருந்து சேற்றில் நின்று நட்டவளுக்கு, அந்த வியாழக்கிழமை வயலுக்குள் இறங்கி ஒரு நிமிடம் நின்றபோது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் மடையைத் திறந்திருக்கிறாள். நாத்தனார் வரும் நாளில் வயல் தளதளவென்று இருக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கும் ஒரு நாள் வந்திருக்கிறது.

பதினொரு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் வீட்டில் அன்று பொய் சொன்னவள் நான் ஒருத்திதான் என்பது.